பவர் ஸ்டீயரிங் ஹோஸ் ஒழுகுகிறது: கம்பெனி ஹோஸா, வெளி ஹோஸா, பிரஸ் பண்ணியதா?

பத்துப் பதினைந்து வருடம் தாண்டிய ஆக்சென்ட், எஸ்டீம், ஐகான், குவாலிஸ், சுமோ வைத்திருப்பவர்கள் ஏதாவது ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். காலையில் வண்டியை எடுக்கும்போது தரையில் சிவப்பாகச் சொட்டு. ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைப் பார்த்தால் அளவு கீழ்க் கோட்டையும் தாண்டி இறங்கியிருக்கிறது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஹோஸ் போயிருச்சுங்க" என்கிறார். குழப்பம் அதற்கு அப்புறம்தான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விசாரித்தால் சில ஆயிரம் சொல்லி, ஆர்டர் போட்டுக் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதே மாதிரி ஒன்றைப் பாதி விலைக்குக் காட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு லாரிக்கார அண்ணனோ, "எதுக்குங்க அத்தனை செலவு? போர்வெல் போடுற போர்வண்டிக்கு ஹோஸ் அடிக்கிற கடைல குடுத்தீங்கன்னா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுரும்" என்கிறார்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த வண்டிக்கு, எந்த ஹோஸுக்கு, எந்த ரோட்டுக்கு என்று பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொங்குப் பகுதியில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு, அந்த மாதிரிக் கடையில் பிரஸ் பண்ணிப் போடுவது, அதாவது பழைய இரும்பு முனைகளில் புது ரப்பரை மெஷினில் அமுக்கி மாட்டுவது, பல நேரங்களில் நல்ல தேர்வு. ஆனால் கடைக்காரரிடம் சில விஷயங்களைச் சொல்லி, கேட்டு, பக்கத்தில் நின்று செய்ய வைத்தால் மட்டுமே.

இங்கே பேசுவதெல்லாம் ஆயில் போட்டு ஓடும் ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பற்றித்தான். ஸ்விஃப்ட், ஆல்டோ போன்ற வண்டிகளில் இருப்பது மோட்டாரில் இயங்கும் ஸ்டீயரிங். அதில் ஆயிலும் இல்லை, ஹோஸும் இல்லை.

## எதை எல்லாம் வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், ஒழுகுவது எந்த ஹோஸ் என்பது. பம்பிலிருந்து, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்குக்குப் போவது பிரஷர் ஹோஸ். ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி வருவது ரிட்டர்ன் ஹோஸ். பார்க்க இரண்டும் கறுப்பு ரப்பர்தான். ஆனால் கார் டயருக்கு நாம் 30 பாயின்ட் (பிஎஸ்ஐ) காற்றுப் பிடிக்கிறோம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது பிரஷர் ஹோஸுக்குள் ஏறுவது 1,000 முதல் 1,500 பாயின்ட். ரிட்டர்ன் ஹோஸில் இருப்பது அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆகவே ஒன்றுக்குச் சரியான வைத்தியம் மற்றதற்கு ஆபத்தாக முடியலாம்.

இரண்டாவது, வண்டியை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள். அடுத்த தீபாவளிக்குள் விற்றுவிடும் எண்ணமா, பையன் ஓட்டிப் பழகும் வரை இருக்கட்டும் என்ற எண்ணமா?

மூன்றாவது, எங்கே ஓட்டுகிறீர்கள். ஈரோட்டுக்குள் கடைக்கும் வீட்டுக்கும் போய் வரும் வண்டியும், வாரம் தவறாமல் மலை ஏறும் வண்டியும் ஒன்றல்ல. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. ஓடிக்கொண்டிருக்கும்போது பிரஷர் ஹோஸ் வெடித்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாது, சக்கரம் திரும்பும். ஆனால் அதுவரை ஒரு விரலால் திருப்பியது, சட்டென்று இரண்டு கையாலும் இழுக்கிற கனமாகிவிடும். சமதளத்தில் அதைச் சமாளித்து ஓரம் கட்டலாம். கொண்டை ஊசியின் நடுவில், எதிரே பஸ் வரும்போது, வண்டியில் பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கும்போது அது வேறு கதை.

நான்காவது, வண்டி எத்தனை நாள் நிற்கலாம். ஐந்தாவது, கழற்றி மாட்டும் கூலி. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. சில வண்டிகளில் பிரஷர் ஹோஸ் எஞ்சினுக்கு முன்னாலேயே தெரியும். இரண்டு நட்டு கழற்றினால் கையில் வந்துவிடும். சிலவற்றில் எஞ்சினுக்குப் பின்புறம் இறங்கி ரேக் மேல் போய் உட்காரும்; கை நுழையாது, அடியில் குறுக்கே இருக்கும் கிராஸ் மெம்பரை இறக்க வேண்டி வரும். அந்த மாதிரி வண்டியில் ஹோஸ் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். குறைந்த விலை ஹோஸைப் போட்டு, ஆறு மாதத்தில் மறுபடி கழற்றினால் எல்லாவற்றிலும் அதுதான் அதிகச் செலவு. ஹோஸ் விலை கேட்பதற்கு முன்னால் மெக்கானிக்கிடம் கூலி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

## ஒழுகுவது ஹோஸ்தானா?

ஒப்பிடுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஹோஸ் மாற்றிய பிறகும் ஒழுகும் வண்டிகள் நிறைய உண்டு. ஆயில் மேலிருந்து வழிந்து, ஹோஸைத் தொட்டு, கீழே மிகத் தாழ்வான இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடம் ஒழுகுகிற இடம் அல்ல.

எஞ்சின் அறையை அந்தப் பக்கம் டீசலோ டீகிரீஸரோ போட்டுக் கழுவி, காயவிட்டு, டப்பாவில் ஆயிலைச் சரியான அளவுக்கு நிரப்புங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கடைசி முனையில் ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், பம்பு சூடாகிவிடும். ஹோஸ் மேல் கையை வைத்துத் தடவியும் பார்க்க வேண்டாம். மிகுந்த அழுத்தத்தில் ஊசி மாதிரி பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டிய காயம். ஒரு அட்டைத் துண்டை அருகில் நீட்டிப் பார்த்தால் போதும்.

ஈரம் எங்கே முதலில் தெரிகிறது என்று பாருங்கள். பம்பில் ஹோஸ் வந்து சேரும் போல்ட்டைச் சுற்றித் தெரிந்தால், பெரும்பாலும் இரண்டு செம்பு வாஷரோ ஓ-ரிங் என்ற ஒரு ரப்பர் வளையமோதான் போயிருக்கும். அதை மாற்ற ஹோஸுக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. ரப்பரும் இரும்பு முனையும் சேரும் இடத்தில் கசிந்தால் ஹோஸ்தான்; அங்கேதான் பெரும்பாலும் போகும். பம்பின் புல்லிக்குப் பின்னால் ஈரம் என்றால் பம்பு சீல். ரேக்கின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல். அதற்கு எந்த ஹோஸ் போட்டாலும் பலன் இல்லை.

## ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டுவது, ஸ்டாப் லீக் போடுவது

செலவு குறைந்ததாகத் தெரிவது இது. ஸ்டாப் லீக் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும் ரசாயனம். காய்ந்து சுருங்கிய சீல் ஓரத்தில் மெதுவாகக் கசிந்தால் அது சில மாதம் கைகொடுக்கலாம். வெடித்த ஹோஸுக்கும், பிரஸ் விட்டுப்போன முனைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

மறைந்திருக்கும் செலவுதான் பெரிது. கசியும் ஆயில் பெல்ட் மேல் பட்டால் பெல்ட் வழுக்கும். எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பரில் ஊறினால் அது உப்பிக் கிழியும். ஆல்டர்னேட்டருக்குள் போனால் அதற்குத் தனிச் செலவு. ஒரு நாள் கவனிக்காமல் டப்பா காலியானால் பம்பு காற்றை இழுக்கும், 'உய்ய்' என்று கத்தும். அந்தச் சத்தத்தோடு சில நாள் ஓட்டினால் பம்பு தேய்ந்து, அதன் இரும்புத் தூள் ரேக் வரை போய்விடும். ஹோஸ் செலவு அப்படித்தான் பம்பு, ரேக் செலவாக வளர்கிறது.

அதைவிட முக்கியம் தீ. எஞ்சின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். பல வண்டிகளில் பிரஷர் ஹோஸ் அதற்கு அருகிலேதான் போகிறது. சொட்டு விழுந்து புகை வருவது முதல் எச்சரிக்கை. வெடித்துப் பீய்ச்சினால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. பானெட்டிலிருந்து எண்ணெய் கருகும் வாசனை வந்தாலே வண்டியை நிறுத்திவிட வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

புது ஹோஸ் ஆர்டரில் இருக்கிறது, இரண்டு நாளில் வந்துவிடும், கசிவு சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கிறது, ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால் ஆயில் பார்த்துப் பார்த்து ஓட்டலாம். அதற்கு மேல் இந்த வழிக்கு இடமில்லை.

## கம்பெனி ஹோஸ்

அந்த வண்டிக்கென்றே வளைத்த இரும்புக் குழாய், சரியான நீளம், சரியான கோணம். மாட்டும் வேலை சுலபம். இதில் வெளியே தெரியாத நன்மை ஒன்று உண்டு. கார் ஸ்டீயரிங்குக்கென்று செய்யும் ஹோஸ் வேண்டுமென்றே கொஞ்சம் விரிந்து கொடுக்கும் வகை. பம்பு ஆயிலைத் துடிப்புத் துடிப்பாகத் தள்ளுகிறது. ஹோஸ் விரிந்து சுருங்கி அந்தத் துடிப்பை வாங்கிக்கொள்வதால்தான் ஸ்டீயரிங்கில் அதிர்வும் முனகலும் இல்லாமல் இருக்கிறது. சில வண்டிகளில் ஹோஸுக்கு உள்ளேயே இன்னொரு மெல்லிய குழாய் சொருகியிருக்கும், அதுவும் சத்தத்தைக் குறைக்கத்தான்.

குறை விலையும் கிடைப்பதும். இன்னும் ரோட்டில் நிறைய ஓடும் இன்னோவா, பொலேரோ, ஸ்கார்பியோவுக்குச் சிரமம் இல்லை. 2007இல் நின்றுபோன எஸ்டீம், 2005இல் நின்ற குவாலிஸ் எல்லாம் தேட வேண்டியவை. செவர்லே 2017 கடைசியில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு 2021இல் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. இந்த வண்டிகளுக்கு ஆர்டர் போடும் முன் "எப்ப வருங்க?" என்பதற்குத் தேதியோடு பதில் வாங்குங்கள். பார்ட் நம்பரை வண்டியின் சேஸிஸ் நம்பர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஹோஸ் வேறாக இருக்கும், ஒரே மாடலில் வருடத்துக்கு வருடமும் மாறியிருக்கும்.

கூலி அதிகம் ஆகும் வண்டி, இன்னும் நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகும் வண்டி, மலைக்குப் போகும் வண்டி, இந்த மூன்றில் ஒன்று உங்களுடையது என்றால், ஹோஸும் கிடைக்கிறது என்றால், விலையைப் பார்க்காமல் இதையே போடுங்கள்.

## வெளி மார்க்கெட் ஹோஸ்

சுருக்கமாகச் சொல்லலாம். வாகன ஹோஸ் செய்வதையே தொழிலாகக் கொண்ட, பெயர் தெரிந்த கம்பெனியின் சரக்கு என்றால் கம்பெனி ஹோஸுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பெட்டியும் பெயரும் இல்லாமல் பாலிதீன் கவரில் வருவதைத் தொட வேண்டாம். கடையிலேயே பழைய ஹோஸையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம், வளைவு, நட்டின் மரை, ஓ-ரிங் உட்காரும் பள்ளம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரும்புக் குழாயைக் கையால் வளைத்துச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வாங்காமல் வந்துவிடலாம். இன்னொன்று, ரப்பர் சும்மா இருந்தாலும் வயதாகும். ஹோஸ் மேல் அச்சடித்த தேதி இருந்தால் பாருங்கள். கடை அலமாரியில் எட்டு வருடம் கிடந்த புது ஹோஸ் உண்மையில் புதிது அல்ல.

## பிரஸ் பண்ணிப் போடுவது

நம் பக்கத்தில் இந்த வழி இவ்வளவு சுலபமாக இருப்பதற்குக் காரணம் நம் தொழில்கள்தான். திருச்செங்கோட்டுப் போர்வண்டிகள் நாடு முழுக்கப் போகின்றன. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் டிப்பர்களும், ஊர் ஊராக நிற்கும் ஜேசிபிகளும், கோவைப் பட்டறைகளின் மெஷின்களும் எல்லாமே ஹைட்ராலிக் ஹோஸை நம்பி ஓடுபவை. போர்வண்டி ஒரு நாள் நின்றால் எத்தனை நஷ்டம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆகவே கண்முன்னே அளந்து, வெட்டி, பிரஸ் பண்ணிக் கொடுக்கும் கடை சின்ன டவுனில்கூட இருக்கிறது. காரின் ஸ்டீயரிங் ஹோஸைவிடப் பல மடங்கு அழுத்தம் தாங்கும் ஹோஸ்களை அவர்கள் தினமும் செய்கிறார்கள். கைத்திறனில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

வேலை இப்படி நடக்கும். உங்கள் பழைய ஹோஸின் இரண்டு முனையிலும் இருக்கும் இரும்புக் குழாய்களை வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள ரப்பரை மட்டும் மாற்றுவார்கள். ரப்பரைக் கவ்வியிருக்கும் இரும்புக் குப்பியை கிரைண்டரில் கீறி எடுப்பார்கள். உள்ளே வரிவரியாக இருக்கும் நிப்பிள் கீறல் படாமல் வந்தால் அதன் மேலேயே புது ஹோஸைச் சொருகி, புதுக் குப்பி போட்டு, எட்டுத் தாடை உள்ள மெஷினில் வைத்து அமுக்குவார்கள். நிப்பிள் கெட்டிருந்தால் குழாயை நல்ல இடத்தில் வெட்டி, புது நிப்பிளைப் பித்தளை வைத்து கேஸ் பிரேஸிங் பண்ணி ஒட்டுவார்கள். பிரேஸிங் நன்றாகச் செய்தால் தாங்கும். ஆர்க் வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். மெல்லிய குழாய் ஓட்டையாகும், உள்ளே பிசிறு தங்கும்.

போர்வண்டிக்கு ஹோஸ் அடிப்பவருக்கு ஹைட்ராலிக் தெரியும், உங்கள் காரின் எஞ்சின் அறை தெரியாது. அதனால் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை இவை.

முதலாவது கோணம். ஹோஸைக் கழற்றும் முன்னே போட்டோ எடுங்கள். வெட்டும் முன் ரப்பர் நெடுக நேராக ஒரு வெள்ளை பெயின்ட் கோடு இழுத்து, அந்தக் கோடு இரண்டு இரும்பு முனையிலும் ஏறும்படி குறியிடச் சொல்லுங்கள். முனைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தன என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. பத்து டிகிரி மாறிப் பிரஸ் பண்ணிவிட்டால், மாட்டும்போது ஹோஸை முறுக்கித்தான் மாட்ட வேண்டும். முறுக்கிய ஹோஸ் பிரஷர் ஏறும்போதெல்லாம் நிமிரப் பார்க்கும். குழாயைப் பம்பிலும் ரேக்கிலும் பிடிக்கும் யூனியன் நட்டு தளரும் அல்லது குப்பி ஓரத்தில் மறுபடி கிழியும். பிரஸ் பண்ணிய ஹோஸ் சீக்கிரம் போய்விட்டது என்று வரும் புகார்களில் இந்த முறுக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, எந்த ஹோஸ் போடுகிறார்கள் என்பது. கடைகளில் அதிகம் இருப்பது ஒரு கம்பி வலை உள்ள ஆர்1, இரண்டு கம்பி வலை உள்ள ஆர்2. "டபுள் ஒயர் போட்டுத் தர்றேன், ஆயுசுக்கும் போகாதுங்க" என்பார்கள். 3/8 அங்குல ஹோஸில் சிங்கிள் ஒயரே சுமார் 2,500 பாயின்ட் தாங்கும். உங்களுக்குத் தேவை 1,500. டபுள் ஒயர் 4,000க்கு மேல் தாங்கும்தான், ஆனால் விறைப்பாக இருக்கும். எஞ்சின் அதன் மவுன்ட் மேல் அசைந்துகொண்டே இருக்கிறது, ரேக் அசைவதில்லை. அந்த அசைவை ஹோஸ் வளைந்து கொடுத்து வாங்க வேண்டும். விறைத்த ஹோஸ் வாங்காது, யூனியனை இழுக்கும். பம்பின் துடிப்பையும் அப்படியே ரேக்குக்குக் கடத்தும். ஆகவே பவர் ஸ்டீயரிங்குக்கென்றே உள்ள ஹோஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லாவிட்டால் சிங்கிள் ஒயர். அப்படியும் திருப்பும்போது முன்பு இல்லாத ஒரு மெல்லிய முனகல் வரலாம். டப்பாவில் நுரை இல்லை, கசிவும் இல்லை என்றால் அதனால் கெடுதல் இல்லை. இந்த ஹோஸ்களை சுமார் 13 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கவும் கூடாது. சின்ன எஞ்சின் அறையில் திடீர் வளைவு வேண்டிய வண்டிக்கு இந்த வழியே ஒத்துவராது.

மூன்றாவது சூடு. சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான். சித்திரை வெயிலில், ஏசி போட்டு, அவிநாசி ரோடு சிக்னலில் நிற்கும் வண்டியில் மேனிஃபோல்டு பக்கம் அதைத் தாண்டிவிடும். பழைய ஹோஸ் மேல் இருந்த வெப்ப உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், அல்லது கண்ணாடி நார் உறை வாங்கி, பிரஸ் பண்ணும் முன்னே மாட்டச் சொல்லுங்கள். அப்புறம் மாட்ட முடியாது.

நான்காவது, பழைய ஹோஸுக்குள் அந்த மெல்லிய உள்குழாய் இருந்ததா என்று வெட்டும்போது எட்டிப் பாருங்கள். இருந்து, அது பாதி வெட்டுப்பட்டு உள்ளே தங்கிவிட்டால், பின்னால் ஆயில் போகும் வழியை அடைக்கும். முழுதாக எடுத்துவிட வேண்டும்.

ஐந்தாவது சுத்தம். கிரைண்டர் தூளும் ரப்பர் பொடியும் குழாய்க்குள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் விட்டு அலசி, காற்றடித்து, இரண்டு முனையும் மூடி வாங்கி வாருங்கள். ரேக்கின் வால்வு மிக நுணுக்கமான இடைவெளியில் வேலை செய்வது. ஒரு சிட்டிகை இரும்புத் தூள் அதைக் கெடுத்துவிடும்.

செலவு கம்பெனி ஹோஸை விடக் கணிசமாகக் குறையும். அதை விடப் பெரிய லாபம் நேரம்: காலையில் கழற்றினால் மாலையில் வண்டி ஓடும். ஆனால் இரும்புக் குழாயே துருப்பிடித்து அரித்திருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். புது ரப்பரை அரித்த இரும்பில் மாட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை.

## பழைய வண்டியில் கழற்றியது

உடைத்துப் பிரித்த வண்டியின் ஹோஸ் விலை குறைவு. ஆனால் உங்கள் ஹோஸ் எத்தனை வருடச் சூட்டில் வெந்ததோ அதுவும் அத்தனை வருடம் வெந்ததுதான். ரப்பருக்காக வாங்குவது வீண். இரும்பு முனைகளுக்காக வாங்கலாம்: உங்கள் குழாய் துருப்பிடித்துப் போய், கம்பெனி ஹோஸும் கிடைக்காத ஓப்பல் கோர்சா மாதிரி வண்டி என்றால், பழைய ஹோஸை வாங்கி அதன் முனைகளில் புது ரப்பர் பிரஸ் பண்ணுவது மிச்சமிருக்கும் நல்ல வழி.

## ரிட்டர்ன் ஹோஸ் மட்டும் என்றால்

இவ்வளவு யோசனை தேவையில்லை. ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ், அதிலும் ஸ்டீயரிங் ரிட்டர்னுக்கோ டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கோ உரியது, அளந்து வாங்கி, இரண்டு பக்கமும் நல்ல கிளிப் போட்டால் சில நூறு ரூபாயில் முடியும். ரேடியேட்டர் ஹோஸ் துண்டு போடக் கூடாது. அந்த ரப்பர் தண்ணீருக்கானது, ஆயில் பட்டால் உப்பிக் கூழாகும்.

இதே வேலையைப் பிரஷர் ஹோஸில் செய்து தருவதாக, அதாவது கிழிந்த இடத்தை வெட்டி, நடுவில் ஒரு குழாய்த் துண்டு சொருகி, இரண்டு கிளிப் போட்டுத் தருவதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எத்தனை இறுக்கினாலும் கிளிப் ஆயிரம் பாயின்ட்டைத் தாங்காது. பட்டறையை விட்டு வெளியே வரும்வரை தாங்கலாம். முதல் முறை பார்க்கிங்கில் முழுதாக ஒடிக்கும்போது பிடுங்கிக்கொள்ளும்.

## யாருக்கு எது

| உங்கள் நிலைமை | என் தேர்வு |
|---|---|
| மலை ரோட்டில் அடிக்கடி ஓடும் வண்டி, ஹோஸ் கிடைக்கிறது | கம்பெனி ஹோஸ் |
| கழற்றி மாட்டும் கூலி மிக அதிகம் | கம்பெனி ஹோஸ். இல்லாவிட்டால் பெயர் தெரிந்த வெளி ஹோஸ் |
| ஊருக்குள் ஓடும் பழைய வண்டி, இரும்புக் குழாய் நன்றாக உள்ளது | பிரஸ் |
| ஹோஸ் எங்கேயும் கிடைக்கவில்லை, குழாயும் துரு | பழைய ஹோஸின் முனைகளில் பிரஸ் |
| எஞ்சின் அறை நெருக்கம், திடீர் வளைவுகள் | குழாய் வளைத்தே வரும் கம்பெனி ஹோஸ் அல்லது வெளி ஹோஸ் மட்டும் |
| சில மாதத்தில் விற்கும் வண்டி | பிரஸ், வாங்குபவரிடம் சொல்லிவிட்டு |
| ரிட்டர்ன் ஹோஸ் கசிவு | அளந்து வாங்கிய ஹோஸ், புதுக் கிளிப் |

மலை ரோட்டு வண்டிக்கு ஹோஸ் கிடைக்கவே இல்லை என்றால்? பிரஸ் பண்ணலாம், ஆனால் பண்ணிய உடனே குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்ப வேண்டாம். இரண்டு மூன்று வாரம் சமதளத்தில் ஓட்டி, முனைகள் காய்ந்தே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

## எந்த ஹோஸ் போட்டாலும்

செம்பு வாஷர், ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். பழையதையே திருப்பிப் போட்டால் புது ஹோஸும் ஒழுகும். ஆயில் எது என்பது டப்பாவின் மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும். பல ஜப்பானிய வண்டிகளுக்குச் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்), ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் மாதிரி வண்டிகளுக்குப் பச்சை ஆயில். இரண்டையும் கலக்கக் கூடாது. அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயில் ஊற்றக் கூடாது. உள்ளிருக்கும் சீல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பிறகு காற்று எடுப்பது. முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாகப் பதினைந்து இருபது முறை திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் எஞ்சினைப் போட்டு மறுபடி சில முறை. டப்பாவில் ஆயில் பால் கலந்த மாதிரி நுரைத்திருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது; எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் விட்டுத் திரும்பச் செய்யுங்கள். அவசரப்பட்டு எஞ்சினைப் போட்டுச் சுழற்றும் மெக்கானிக்கிடம், "கொஞ்சம் பொறுங்கண்ணா, முதல்ல ஆஃப்ல திருப்பிக்கலாம்" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து, வண்டி குளிர்ந்திருக்கும்போது, இரண்டு யூனியனையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி காய்ந்திருந்து, டப்பாவில் கோடும் இறங்காமல் இருந்தால் வேலை முடிந்தது. ஈரம் தெரிந்தால் நட்டைக் கண்மூடித்தனமாக இறுக்காமல், வாஷரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.